உவகையும் பெருமிதமும்: ஒரு நாடக ஆசிரியையின் வகுப்பறை



கல்வியாளர்கள் பலர் பேசிய இந்த மேடைக்கு இந்த ஆண்டு நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தியை அழைத்திருக்கிறீர்கள். இந்த மதிப்பு எனக்கு மட்டும் உரியதன்று. பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி ஏதோ செய்துகொண்டிருக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் உரியது. அவர்கள் சார்பில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குத் தந்த பொருள் ‘விளையாட்டின் வழிக் கல்வி’. விளையாட்டு வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாறுபாடில்லை. எதற்காக வேண்டும் என்பதில்தான் தெளிவு குறைவு. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுபோல, பாடத்தை விழுங்கவைக்க விளையாட்டைச் சேர்க்கிறோம். பாடம் கசப்பானது என்று நாமே முன்கூட்டி முடிவுசெய்துவிடுகிறோம். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதுதான் என் உரை.

தொல்காப்பியர் வைத்த இடம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் 8 மெய்ப்பாடுகளை வகுக்கிறார். ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நந்நான்கு நிலைக்களன்களும் சொல்கிறார். உவகை பிறக்கும் நான்கில் ஒன்று விளையாட்டு. செல்வம், புலன், புணர்வு ஆகிய மூன்றுக்கும் சமமாக அதை அவர் நிறுத்தியிருக்கிறார். கல்விக்கு வேறோர் இடம் தருகிறார். பெருமிதம் பிறக்கும் நான்கில் முதலாவது கல்வி. தறுகண், புகழ், கொடை மூன்றும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

நாடகத்தில் இருப்பவர்களுக்கு மெய்ப்பாட்டியல் அன்றாடக் கருவி. ஒரு முகத்தில் எந்த உணர்ச்சி எதனால் தோன்றுகிறது என்று பார்ப்பதே எங்கள் தொழில். அந்தக் கண்ணோடு நம் வகுப்பறைகளைப் பாருங்கள். விளையாட்டு வேளையில் உவகை இருக்கிறது. மணி அடித்ததும் அது மைதானத்திலேயே தங்கிவிடுகிறது. பாடவேளையில் கல்வி இருக்கிறது. ஆனால் பெருமிதம் முன்வரிசையில் இருக்கும் சிலருக்கே கிடைக்கிறது. மற்றவர்கள் முகத்தில் அச்சம், சில வேளைகளில் இளிவரல். கற்றதனால் நிமிர்ந்த தோள்களைப் பின்வரிசையில் காண்பது அரிது.

விளையாட்டில் தொடங்கும் உவகை, கல்வி தரும் பெருமிதம்வரை போய்ச் சேருவதற்கு வழி உண்டா? ஆசிரியையாக நான் தேடியதெல்லாம் அந்த வழியைத்தான். உண்டு என்று சொல்லவே இங்கே நிற்கிறேன்.

நம் மரபு இதை அறிந்திருந்தது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவங்களும் விளையாட்டு: சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலிலும் அம்மானை, ஊசல் என்று விளையாட்டிலேயே முடியும். செங்கீரையாடித் தளர்நடை பயின்ற குழந்தையின் வளர்ச்சியில் மேல்நிலை எது என்று கேட்டால், விளையாட்டு என்பது அந்தப் புலவர்களின் விடை. நம் பள்ளிகளோ வயது ஏற ஏற விளையாட்டைக் குறைத்துக்கொண்டே போகின்றன.

ஆரணித் தெருவும் பள்ளி மேடையும்

நான் ஆரணிக்காரி. பட்டு நெசவுக் குடும்பம். வீட்டு நடுவில் தறிக்குழி. பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றுவது பிள்ளைகளின் வேலை. கோடையில் சுற்றுவட்டார ஊர்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். மறுநாள் எங்கள் தெருவில் எங்கள் கூத்து. துண்டுதான் திரை, அட்டைதான் கிரீடம். வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பினால் வாய் திறக்காத பிள்ளை, தெருவில் துரியோதனனாக நின்று தருமனோடு வழக்காடும். யாரும் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. இரவு கேட்டதை வைத்துத் தானே கட்டிய பேச்சு அது. நியாயம் எது, அநியாயம் எது என்று அந்தப் பேச்சுக்கு நடுவே அது யோசித்தும் இருக்கும். இத்தனை அறிவு வகுப்பறையில் மட்டும் எங்கே ஒளிந்துகொள்கிறது? என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்துவந்தது இந்தக் கேள்விதான்.

நான் ஆசிரியையானபோது பள்ளியில் நாடகம் என்றால் ஆண்டுவிழா. குரல்வளம் உள்ள நாலைந்து பேரைப் பொறுக்கியெடுத்து, வசனத்தை மனப்பாடம் செய்யவைத்து, பிசகினால் திட்டி, ஒருநாள் மேடையேற்றுவார்கள். மற்ற பிள்ளைகள் கைதட்டுவார்கள். இந்த முறைக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற பாய்ஸ் கம்பெனியை, அதாவது சிறுவர் நாடகக் குழுவை, தொடங்கினார். பின்னாளில் நாடக நடிகராகப் புகழ்பெற்ற தி.க.சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு 6 வயது. பாய்ஸ் கம்பெனிகள் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் தமிழும் இசையும் கொடுத்தன. அந்தக் கடனை நாம் மறக்கக் கூடாது. ஆனால் அவற்றின் இலக்கு இரவுக் காட்சி. பாடமும் பாட்டும் பிழையின்றி வரவேண்டும் என்ற கட்டாயத்தில் பிள்ளையின் சொந்தக் கற்பனைக்கு இடம் குறைவு. தொழில்முறைக் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இருந்தது. பள்ளிக்கு அது இல்லை.

வேறு வழி இருப்பதை எங்கள் தலைமுறைக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் சே.இராமானுஜம். 1977இல் காந்திகிராமத்தில் அவர் முன்னின்று நடத்திய நாடகப் பட்டறை தமிழ் நவீன நாடகத்துக்குத் திருப்புமுனை. உடல், குரல், கவனம், கூட்டுழைப்பு ஆகியவற்றைப் பயிற்சிகளாகவும் விளையாட்டுகளாகவும் பயிலலாம் என்ற எண்ணம் அங்கிருந்து ஊர் ஊராகப் பரவியது. அதில் பயின்றவர்களிடம் பயின்றவர்களிடம் நான் பயின்றேன். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம.சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி, ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற சிறுவர் நாடகங்களைப் படைத்தார். புதுச்சேரியில் வேலு சரவணன் ‘ஆழி’ குழுவோடு பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளையும் நாடகத்துக்குள் இழுத்துக்கொண்டார். இவர்கள் எல்லாரும் எனக்கு ஆசான்கள். ஆயினும் பாடவேளைக்குள், பாடப்புத்தகத்தோடு, ஒரு முழு வகுப்போடு என்ன செய்வது என்ற என் கேள்விக்கு விடை தொலைதூரத்து நெசவாலை ஒன்றிலிருந்து வந்தது.

தறியை விட்டு வந்த ஆசிரியை

டோரதி ஹீத்கோட் 1926இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் ஸ்டீட்டன் என்ற ஊரில் பிறந்தவர். தாய் நெசவாலைத் தொழிலாளி. டோரதியும் 14 வயதில் பள்ளியை விட்டு அதே கம்பளி ஆலையில் தறிக்கு வந்தார். 19 வயதில் பிராட்ஃபோர்டு நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆலை உரிமையாளரே செலவுக்கு உதவினார். நாடகம் சரிப்பட்டு வராவிட்டால் டோரதியின் தறிகள் அவருக்காகக் காத்திருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். பி.பி.சி. 1971இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு ‘காத்திருக்கும் மூன்று தறிகள்’ என்று பெயர் வந்தது இதனால்தான்.

நடிகைக்குரிய உருவம் அவருக்கு இல்லை என்று நாடகப் பள்ளியில் முடிவுசெய்தார்கள். அவர் கற்பித்தலுக்குத் திரும்பினார். பட்டம் ஏதும் இல்லாத 24 வயதுப் பெண்ணை டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் நியூகாசில் கல்வியியல் பிரிவு ஆசிரியப் பயிற்றுநராக எடுத்துக்கொண்டது. 1986இல் ஓய்வுபெறும்வரை அங்கேதான் பணியாற்றினார். 2011இல் மறைந்தார். தார் சுற்றிய கைகளோடு ஆசிரியையான எனக்கு அந்த வாழ்க்கை எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்று நீங்களே உணர்வீர்கள்.

அவர் செய்த பெரிய மாற்றங்கள் இரண்டு. முதலாவது, ஆசிரியர் தாமும் வேடம் ஏற்றுப் பிள்ளைகளோடு கதைக்குள் இறங்குவது. அந்த ஆவணப்படத்தில், குற்றச்சாட்டுக்கு ஆளாகிச் சீர்திருத்தப் பள்ளியில் இருக்கும் சிறுவர்களோடு அவர் வேலை செய்வதைப் பார்க்கலாம். போர்க் கைதிகள் முகாமைப் பற்றி நாடகம் வேண்டும் என்பது சிறுவர்களின் விருப்பம். அவர் எதிரிப் படை அதிகாரியாக அவர்கள் முன் வந்து நிற்கிறார். கைதிகளுக்குள்ளேயே காட்டிக்கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான். அடிதடிக் கதையாக முடிந்திருக்கக்கூடியது, தோழனைக் காட்டிக்கொடுப்பது என்றால் என்ன என்ற கேள்வியாக ஆழப்படுகிறது.

படத்தில் அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கட்டியங்காரன் நினைவுக்கு வந்தார். கூத்தில் அவர் ஒரு நொடி கதைக்குள் இருப்பார். மறுநொடி வெளியே வந்து அரசனையே கேள்வி கேட்பார். பார்வையாளர் மனத்தில் இருக்கும் ஐயம் அவர் வாயில் வரும். கதையை நிறுத்தாமல் கதையைச் சோதிக்கும் அந்தக் கலை வகுப்பறைக்குத் தேவையான கலை. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற பெரும் வாத்தியார்களை ஈன்ற வட்டாரத்தில் பிறந்த எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

இரண்டாவது மாற்றம், பிள்ளைகளை வல்லுநர்களாக்குவது. ‘வல்லுநர் போர்வை’ என்ற பொருளில் இந்த முறைக்கு அவர் பெயர் வைத்தார். வகுப்பு முழுவதும் ஒரு குழுவாகிறது: அருங்காட்சியகப் பொறுப்பாளர்கள், மீட்புப் பணியினர், பதிப்பாளர்கள் என்று. அவர்களை நம்பி ஒருவர் ஒரு வேலையோடு வருகிறார். வேலையை முடிக்கப் படிக்கவேண்டும், அளக்கவேண்டும், எழுதவேண்டும், விவாதிக்கவேண்டும். பாடம் இப்போது தேவையாகிவிடுகிறது. தெரிந்தவர் என்ற இடத்தை ஆசிரியர் விட்டுக்கொடுத்து, உதவி கேட்பவராக மாறுகிறார். பெருமிதம் பிறக்கும் இடம் இதுதான்.

காவலாளியாக நின்ற குழந்தைகள்

இதற்கு உளவியல் அடிப்படையும் உண்டு. சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் லெனின்கிராடில் குழந்தை விளையாட்டைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். விளையாட்டு விதியற்ற சுதந்திரம் என்ற பொது எண்ணத்தை அவர் மறுத்தார். கற்பனை உள்ள விளையாட்டு எதிலும் விதி உண்டு. அம்மாவாக விளையாடும் சிறுமி அம்மா நடந்துகொள்ளும் விதிப்படியே நடக்கிறாள் என்று காட்டினார். விளையாடும்போது குழந்தை தன் வயதுக்கு மேற்பட்டு நடந்துகொள்கிறது என்பது அவர் கண்டது.

அதே வழியில் வந்த மனுய்லென்கோ 1948இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஆசிரியர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். பள்ளி வயதை எட்டாத குழந்தைகளிடம் அசையாமல் நிற்கச் சொன்னார்கள். சிறிது நேரமே நின்றார்கள். தோழர்கள் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு நீ காவலாளி என்று சொல்லி நிறுத்தினார்கள். அதே குழந்தைகள் வெகுநேரம் நின்றார்கள். கட்டளை தராத கட்டுப்பாட்டைப் பொறுப்பு தந்தது. அந்தக் குழந்தை சும்மா நிற்கவில்லை, தோழர்களைக் காக்கிறது. விளையாட்டு பிள்ளைகளைக் கட்டவிழ்த்துவிடும் என்று அஞ்சும் தலைமையாசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏழாம் வகுப்பு ஏரி வாரியம்

என் வகுப்பிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். பாடம் சோழர் கால ஊராட்சி. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் தேர்வுக்கு வரும் வினாக்கள். மனப்பாடம் செய்தால் 5 மதிப்பெண்.

‘நீங்கள்தான் இந்த ஊர் ஏரி வாரியத்தார்’ என்று வகுப்பிடம் சொன்னேன். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஏரியை வரைந்தார்கள். கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய். ஏரிக்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைமடை உழவுக்காரியாக அவர்கள் முன் வந்தேன். “ஐயாமாரே, மதகு தெறந்தும் என் நெலத்துக்குத் தண்ணி எட்டலியே. நீங்கதானே வாரியத்தாரு, இதுக்கு என்ன வழி?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன் எழுந்து, “மொதல்ல கால்வாயப் போய்ப் பாக்கலாம்மா” என்றான். வகுப்பே கால்வாய்க்கரையில் நடந்தது. தூர் எங்கே, யார் அடைத்தார்கள், தலைமடைக்காரர் எவ்வளவு எடுத்தார் என்று விசாரணை. முறை வைத்துத் தண்ணீர் விடுவது என்று முடிவாயிற்று. யாருக்கு எவ்வளவு நேரம்? நிலத்தின் அளவுக்கு ஏற்ப விகிதக் கணக்குப் போட்டார்கள். கணக்குப் பாடவேளையில் விகிதத்தைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைகள் அவர்கள். இப்போது தவறு செய்தால் ஒருத்தியின் பயிர் காயும் என்பதால் ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்தார்கள்.

அடுத்த வகுப்பில் வாரியத் தேர்தல். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் விதிகளைச் சட்டமாக வைத்துக்கொண்டோம். வயது 35க்கு மேல் 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் போட்டியிட முடியாது. கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதியைக் கேட்டதும் கைதட்டினார்கள். குடத்திலிருந்து ஓலையை ஒரு சிறுவன்தான் எடுக்கவேண்டும் என்ற விதிக்கு இன்னும் பெரிய கைதட்டல்.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப, தண்ணி கேட்டு வந்த அந்தம்மா வாரியத்துக்கு வரவே முடியாதா?” வேறொருவன் நிலமில்லாத கூலிக்காரரைப் பற்றிக் கேட்டான். உத்திரமேரூர் ஒரு பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊர் என்பதையும், ஊரார் பலர் அந்தக் குடத்துக்கு வெளியே நின்றார்கள் என்பதையும் அந்த இடத்தில் பேசினோம். 1,100 ஆண்டுகளுக்கு முன் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த சமூகத்தின் மீது வியப்பு, அது யாரை வெளியே நிறுத்தியது என்ற கேள்வி, இரண்டும் ஒரே பிள்ளையின் மனத்தில் ஒருசேர நின்றன. வரலாற்றுக் கல்வி என்று நான் நம்புவது இதை.

பாராட்டின் பிடி

சிகாகோவில் வாழ்ந்த வயோலா ஸ்போலின் (1906–1994) என் இன்னோர் ஆசான். ஹல் ஹவுஸ் என்ற குடியேறிகள் நல மையத்தோடு தொடர்புடைய நீவா பாய்டிடம் 1920களில் குழு விளையாட்டுகளைக் கற்றார். பல மொழி பேசும் ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு நாடகம் கற்பிக்க அரங்க விளையாட்டுகளை உருவாக்கினார். 1963இல் அவற்றை நூலாக வெளியிட்டார். இருவர் எதிரெதிரே நின்று ஒருவர் அசைவை மற்றவர் பிரதிபலிக்கும் கண்ணாடி விளையாட்டு இன்று உலகெங்கும் நாடக வகுப்புகளில் விளையாடப்படுகிறது.

ஸ்போலின் சொன்ன முக்கியமான கருத்து ஒன்று ஆசிரியர்களை உலுக்கும். கண்டிப்பைப் போலவே பாராட்டும் பிள்ளையைக் கட்டிப்போடும் என்றார் அவர். ‘சபாஷ்’ என்பதற்காகச் செய்யும் பிள்ளை, கையிலிருக்கும் வேலையை விட்டு ஆசிரியர் முகத்தையே பார்க்கத் தொடங்கும். விளையாட்டில் கவனம் வைக்க ஒரு புள்ளி இருக்கும். ஆசிரியர் அந்தப் புள்ளியை மட்டும் நினைவூட்டினால் போதும். மதிப்பெண்ணையும் பரிசையும் விளையாட்டோடு கட்டும்போதெல்லாம் அதன் உயிரை எடுத்துவிடுகிறோம்.

இதோடு நான் சேர்த்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. நம் மண்ணுக்கு அது கட்டாயம் தேவை. வீட்டுத் தொழிலையோ நிறத்தையோ சாதியையோ பார்த்துப் பிள்ளைக்கு வேடம் கொடுக்கக் கூடாது. தெருவில் பணிந்து நிற்கச் சொல்லப்படும் வீட்டுப் பிள்ளையை நாடகத்திலும் பணிந்து நிற்கவைத்தால், நாடகம் அந்தக் கொடுமைக்கு ஒத்திகையாகிவிடும். எல்லாரும் வாரியத்தார் என்று தொடங்கியது அதற்காகத்தான். பார்த்துக்கொண்டிருக்க விரும்பும் பிள்ளையை விட்டுவிட வேண்டும், அதுவும் பங்கேற்புதான்.

என் வேண்டுகோள்கள்

‘ஐம்பது பேர் வகுப்பில் இது நடக்குமா?’ என்று கேட்பார்கள். மேடை நாடகத்துக்குத்தான் நாலு பேர் போதும். வாரியத்துக்கு வகுப்பு முழுவதும் வேண்டும். ‘பாடத்திட்டம் முடியுமா?’ என்பார்கள். வரலாறு, விகிதம் இரண்டும் ஒரே வேலைக்குள் நடந்ததைச் சொன்னேன்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளில் பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் கொண்டுவந்திருக்கிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால் ஆறாம் வகுப்புப் படியேறியதும் பிள்ளை அவற்றை வாசலில் விட்டுவிட வேண்டியிருக்கிறது. இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ க.பொ.த. தேர்வுக்குரிய பாடமாகவே இருக்கிறது. நம் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு வாரம் ஒரு நாடகப் பாடவேளையாவது வேண்டும். ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் வேடமேற்றுக் கற்பித்தல் செய்முறைப் பயிற்சியாக வேண்டும். கூத்து வாத்தியார்களை ஆண்டுவிழா அலங்காரமாக அழைக்காமல், உரிய ஊதியத்தோடு வகுப்பறைக்கு ஆசிரியர்களாக அழைக்கவேண்டும்.

ஆசிரியப் பயிற்சி பெறும் தம்பி தங்கைகளிடம் இறுதியாக ஒன்று கேட்கிறேன். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடத்துக்குள் பொறுப்போடு முடிவெடுக்க வேண்டிய மனிதர் யார் என்று தேடுங்கள். நீர் மாசு பாடத்தில் ஊராட்சித் தலைவர் இருப்பார். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் வழக்கைக் கேட்கும் அவை இருக்கும். அந்தப் பொறுப்பை வகுப்பிடம் ஒப்படையுங்கள். நீங்கள் அவர்களிடம் உதவி கேட்டு வருபவராக இருங்கள். முதல் விடை வந்ததும் சரி, தவறு என்று சொல்லிவிடாதீர்கள். “அடுத்து என்ன செய்யலாம்?” என்று அவர்களிடமே கேளுங்கள்.